அவசர ஸ்தோத்திரம்

சித்தூர் தமிழ்ச் சபையில் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தைவிட அறிவிப்புகளைத்தான் ஜனங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. பிரசங்கத்தில் வருகிறவர்கள் எல்லாம் செத்து ஈராயிரம் வருஷம் ஆனவர்கள். அறிவிப்பில் வருகிறவர்கள் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள். அதிலும் ஸ்தோத்திரக் காணிக்கை வாசிக்கிற நேரம் வந்துவிட்டால் இருமுகிறவர்கள்கூட இருமலை அடக்கிக்கொள்வார்கள். யாருக்குக் காய்ச்சல் தெளிந்தது, யார் பெண்ணுக்கு வரன் அமைந்தது, யாருக்கு வேலை நிரந்தரமானது, யார் வீட்டு எருமை நல்லபடியாகக் கன்று போட்டது என்று ஊர்ச் சங்கதி முழுவதும் அந்தக் காணிக்கைக் கவர்களின் மேல் எழுதியிருக்கும். சபைப் போதகரான ஐயர் ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்தி நிதானமாக வாசிப்பார்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஜனவரி மாதத்து முதல் ஞாயிறு அது. பாட்டுக் குழுவில் இரண்டாம் வரிசையில் லோயிஸ் உட்கார்ந்திருந்தாள். இண்டர்மீடியட் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண். கையில் கீர்த்தனைப் புத்தகம் திறந்திருந்தது. அதற்குள் கெமிஸ்ட்ரி நோட்டிலிருந்து கிழித்த இரண்டு தாள். ஆராதனை நேரத்தில் படிப்பது பாவம் என்று அவளுக்குத் தெரியும். மார்ச்சில் பரீட்சை என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே புத்தகத்துக்குள் வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

"இன்பசேகரன், கிரேஸ் குடும்பத்தார், தங்கள் மகள் லோயிஸுக்கு மெடிக்கல் காலேஜில் சீட் கிடைத்த நன்மைக்காக ஸ்தோத்திரக் காணிக்கை."

லோயிஸ் தலையைத் தூக்கினாள். சபையில் வேறொரு லோயிஸ் இருக்கிறாளா என்றுதான் முதலில் யோசித்தாள். அவளுக்கு சீட் எதுவும் கிடைக்கவில்லை. சீட்டுக்கு அப்ளிகேஷன்கூட இன்னும் போடவில்லை. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அவள் அம்மா கிரேஸ் கழுத்தைத் திருப்பி ஆண்கள் பக்கம் பார்த்தாள். அங்கே இன்பசேகரன் கண்ணை மூடிக்கொண்டு மிகவும் பக்தியாக உட்கார்ந்திருந்தார்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் பிடித்துக்கொண்டார்கள். கன்னத்தைக் கிள்ளினார்கள், தலையில் கை வைத்தார்கள். மாதர் சங்கத்துச் செயலாளர் ஞானம்மாள் லோயிஸை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, அழுதேவிட்டாள்.

"திருப்பதியா, வேலூரா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வேலூருக்கு சபைல இருந்து பேரே இன்னும் அனுப்பல. அப்ப திருப்பதியாத்தான் இருக்கணும்," என்று ஞானம்மாளே கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். பரீட்சைக்கு முன்னால் எப்படி சீட் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை, ஐயரே வாசித்துவிட்டாரே. காம்பவுண்டுக் கேட்டுக்கு வருவதற்குள் அது திருப்பதி என்று உறுதியாகிவிட்டது. இன்பசேகரன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "எல்லாம் அவரு கிருபை," என்று மேலே கையைக் காட்டிவிட்டு சைக்கிளைத் தள்ளினார்.

வீடு பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் போர்டிங்குக்குப் பின்னால் இருந்தது. போர்டிங் பிள்ளைகளுக்கு கிரேஸ்தான் சமையல். வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"இன்னா பண்ணி வெச்சிருக்கற நீ?"

"விசுவாசம்மே," என்றார் இன்பசேகரன்.

"எது விசுவாசம்?"

"குடியாத்தம் கூட்டத்துக்குப் போனனே, அங்க வந்த பிரசங்கியாரு சொன்னாரு. கெடச்சப்பறம் நன்றி சொல்றதுக்கு எவனும் சொல்லுவான். கெடைக்கறதுக்கு முன்னாடி சொல்றவன்தான் விசுவாசின்னாரு. ஏற்கனவே கையில வாங்கிக்கினதா நெனச்சி காணிக்க போடுன்னாரு. நானும் யோசிச்சி பார்த்தன். நாம எல்லாத்துக்கும் ரேஷன் கடைல நிக்கற மாதிரி கடைசிலயே நின்னுக்கினு இருக்கறோம். ஒரு தபா முன்னாடி போயி நின்னா இன்னா?"

"முன்னாடி போயி நின்னா பின்னாடி இருக்கறவன் சும்மா வுட்ருவானா?"

"நைனா," என்றாள் லோயிஸ், "சரி, நம்பிக்கைலதான் குடுத்த. நம்பிக்கைல குடுக்கறன்னு எழுதியிருக்கலாம் இல்ல?"

"அப்டி எழுதனா அப்பறம் அதுல இன்னாடி நம்பிக்க?"

மனுஷன் வேடிக்கைக்காகச் செய்யவில்லை. சர்க்கரை ஆலையில் ஃபிட்டர் வேலை பார்க்கிறவர். நட்டு போல்ட்டைத் தவிர வேறெதையும் முடுக்கி அறியாதவர். மகளுக்காக ஒரு காரியத்தை முடுக்கிப் பார்ப்போமே என்று ஆசைப்பட்டுவிட்டார்.

லோயிஸின் பாடு ஏற்கெனவே பெரும்பாடாக இருந்தது. அவள் எடுத்திருந்தது பயாலஜி குரூப். பாட்டனி, ஜுவாலஜி, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, இவற்றோடு இங்கிலீஷும் தெலுங்கும். தெலுங்கில் செய்யுள் இலக்கணம் வேறு. வீட்டில் பேசுவது தமிழ், கடையில் பேசுவது தெலுங்கு என்று வளர்ந்த பெண்ணுக்கு தெலுங்கு பேசப் பயமில்லை. ஆனால் கத்தரிக்காய் விலை கேட்கிற தெலுங்கு வேறு, சந்தஸ்ஸு என்று சீர் பிரிக்கச் சொல்கிற தெலுங்கு வேறு. இந்த ஆறும் போதாதென்று பிரின்சிபாலிடம் தனியாக அனுமதி வாங்கிக் கணக்கையும் சேர்த்து எழுதுவதாக இருந்தாள். கணக்கு வகுப்பு மத்தியானச் சோற்று வேளையில் வரும். இன்ஜினீயரிங்குக்குப் படிக்கிற பையன்களுக்கு நடுவில் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்வாள். சோற்றை நடந்துகொண்டே தின்பாள். ஆலைக்காரன் மகளை இன்ஜினீயர் ஆக்கப் பார்க்கிறான், ஆத்தாக்காரி டாக்டர் ஆக்கப் பார்க்கிறாள், நடுவில் பெண் கிழிபடுகிறது என்று அக்கம்பக்கத்தில் பேச்சு.

இத்தனைக்கும் மேலே காலேஜ் தேடல். திருப்பதியில் மார்க்கை வைத்து எடுப்பார்கள். வேலூர் மெடிக்கல் காலேஜுக்கு அது மட்டும் போதாது, சபை சிபாரிசு வேண்டும். சித்தூர்ச் சபையில் வருஷத்துக்கு ஒரே ஒரு பெயரை அனுப்புவது என்று கமிட்டிக்காரர்கள் வழக்கம் வைத்திருந்தார்கள். இரண்டு பெயர் போனால் இரண்டுக்கும் மதிப்பிருக்காது என்பது அவர்கள் எண்ணம். கமிட்டி கூடுகிற சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அந்த ஒரு பெயருக்காகத்தான் லோயிஸ் ஞாயிறுப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொன்னாள், பாட்டுக் குழுவில் பாடினாள், மாதர் சங்கக் கூட்டத்துக்குப் பெஞ்சு துடைத்தாள். சபை வேலையில் தலைகாட்டாத பிள்ளைக்கு சபை எதற்குச் சிபாரிசு தரும்? தலைகாட்டினால் பிசிக்ஸ் படிக்க நேரமில்லை. அரையாண்டுப் பரீட்சையில் பிசிக்ஸ் அவளைக் கொஞ்சம் கவிழ்த்தும் விட்டிருந்தது.

காணிக்கை வாசித்த மறுநாளே வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. முதலில் வாழ்த்துச் சொல்ல வந்தார்கள். வாழ்த்துச் சொல்லி முடித்ததும் மெதுவாக முழங்காலைக் காட்டினார்கள்.

"டாக்டரம்மா, இத கொஞ்சம் அழுத்திப் பாரு. உக்காந்தா எந்திரிக்க முடியல," என்றாள் ஞானம்மாள்.

"பெரிம்மா, நான் இன்னும் படிக்கவே ஆரம்பிக்கல."

"எல்லாரும் படிச்சா பொறந்தாங்க? அழுத்திப் பாரு."

லோயிஸ் அழுத்திப் பார்த்தாள். தவளையின் காலாக இருந்திருந்தால் எந்த எலும்பு எங்கே சேர்கிறது என்று படம் போட்டே காட்டியிருப்பாள். ஞானம்மாளுக்குத் தவளைக்குரிய விளக்கத்தையே கொஞ்சம் மாற்றிச் சொல்லி, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். ஞானம்மாள் திருப்தியாகப் போனாள். அடுத்த நாள் இன்னொருத்தி தன் புருஷனின் எக்ஸ்ரே படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். அதற்கடுத்த நாள் பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா கைவலி என்று வந்தாள். பொன்னியம்மா சபையைச் சேர்ந்தவள்கூட இல்லை. செய்தி மதம் கடந்து போய்விட்டிருந்தது.

வீட்டில் இருந்தால் வேலைக்காகாது என்று லோயிஸ் சாயங்காலங்களில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போர்டிங் அடுக்களைக்குப் போனாள். அங்கே கிரேஸ் பெரிய அண்டாவில் சங்கடி கிண்டுவாள். ராகிக் களியை அந்தப் பக்கத்தில் சங்கடி என்பார்கள். நொய் வெந்து குழைந்ததும் மாவைக் கொட்டி, அண்டாவை இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு, கட்டையால் சுழற்றிச் சுழற்றிக் கிண்ட வேண்டும். நின்றால் கட்டி தட்டிவிடும். மார்கழிக் குளிரிலும் கிரேஸுக்கு முதுகு வேர்த்து ரவிக்கை ஒட்டிக்கொள்ளும். கிண்டி முடித்து, கையில் தண்ணீர் தொட்டு உருண்டை பிடித்து வரிசையாகத் தாம்பாளத்தில் வைப்பாள். பக்கத்து அடுப்பில் வேர்க்கடலை வறுபடும். லோயிஸ் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அடுப்பு வெளிச்சத்திலும் பல்பு வெளிச்சத்திலும் படிப்பாள். அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஜுவாலஜியில் ஒரு பாடம் முடித்தால் தனக்குத்தானே ஒரு கணக்கு போட்டுக்கொள்வாள். பாட்டனி முடித்தால் இரண்டு. பிள்ளைகள் மருந்து குடித்ததற்கு வெல்லத்துண்டு வாங்கிக்கொள்வதுபோல் வாங்கிக்கொள்வாள். இதை அவள் யோசித்துப் பார்த்ததில்லை. கிரேஸும் கவனித்ததில்லை.

கமிட்டி கூடுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது லோயிஸுக்கு அடி விழுந்தது. காலேஜ் லேபில் பிசிக்ஸ் ரெக்கார்டுக்குக் கையெழுத்து வாங்க நின்றுகொண்டிருந்தாள். முன்னால் நின்ற நேசகுமார் திரும்பினான். சபைப் பொருளாளர் எத்திராஜின் மகன். குடிபாலாவிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவன். அவளோடு ஒரே வகுப்பு.

"தேங்க்ஸ் லோயிஸ்," என்றான்.

"எதுக்கு?"

"கமிட்டில வேலூருக்கு என் பேரு போடப் போறாங்களாம். எங்க அப்பா சொன்னாரு. உனக்குத்தான் திருப்பதி கெடச்சிருச்சே. இல்லன்னா உன் பேரத்தான் போட்டிருப்பாங்க. நீ சண்டே ஸ்கூல் எல்லாம் பாத்துக்கினு இருக்கற, நான் பஸ்ஸுக்கு ஓடவே சரியா இருக்குது."

லோயிஸ் ரெக்கார்டு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அந்த வாக்கியத்தைச் சொன்னால் சபையில் நைனாவின் முகம் என்ன ஆகும் என்று நினைத்தாள். "நல்லா பண்ணு," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். வருகிற வழியெல்லாம் நைனாமேல் கோபம் வந்தது, நேசகுமார்மேல்கூடக் காரணமில்லாமல் வந்தது.

அன்று சாயங்காலம் ஆலைக்கு சாப்பாட்டுத் தூக்கை அவளே எடுத்துப் போனாள். அரவைக் காலம். ரோட்டு ஓரத்தில் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நின்றன. மாடுகளை அவிழ்த்துவிட்டு வண்டிக்காரர்கள் கரும்புத் தோகையைக் கொளுத்திக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். காற்றில் பாகு வாசனையும் சக்கைத் தூசியும். இன்பசேகரன் கிரீஸ் கையைச் சக்கையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தார். சங்கடியும் கத்தரிக்காய்ப் புளுசுக் குழம்பும்.

"நீ துன்னியா?"

"அப்பால துன்றன். நைனா, வேலூருக்கு நேசகுமார் பேரு போடறாங்களாம்."

உருண்டையைப் பிட்ட கை நின்றது.

"ஏன்?"

"எனக்குத்தான் திருப்பதில கெடச்சிருச்சே. நீதான சபைக்கு சொன்ன?"

இன்பசேகரன் அந்தக் கவளத்தைத் தூக்கிலேயே திரும்ப வைத்தார்.

"நான் இத யோசிக்கலமா."

"எனக்கு தெரியும்."

"ஆண்டவருக்கு சொன்னன். கமிட்டிக்கு சொன்னதா நெனைக்கவே இல்ல."

"ஆண்டவருக்கு சொல்றதுக்கு எதுக்கு நைனா ஐயரு வாசிக்கணும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கோபத்தோடு வந்த லோயிஸுக்கு அந்தக் குனிந்த தலையில் சக்கைத் தூசி படிந்திருப்பதைப் பார்த்ததும் கோபம் பாதி இறங்கிவிட்டது.

"உன் நம்பிக்கைய நான் தப்பு சொல்லல. ஆனா நம்பிக்க வந்து பரீட்ச எழுதாது. நான்தான் எழுதணும். நீ சீட்டு கெடச்சிருச்சின்னு சொல்லிட்ட, இப்ப ஊடு பூரா நோயாளிங்க. படிக்க எடமில்ல. வேலூரும் போச்சி."

"இங்க நாங்க ரோலர் ஓடறதுக்கு முன்னாடி சர்க்கர வந்துச்சின்னு எழுதமாட்டம்," என்றார் இன்பசேகரன் தனக்குத்தானே. "எழுதனா சீட்டக் கிழிச்சி ஊட்டுக்கு அனுப்பிடுவான். இது எனக்கு தெரியாதா? தெரிஞ்சும் பண்ணன் பாரு."

"இப்ப இன்னா பண்றது?"

"துன்னுட்டு சொல்றன்," என்றார். ஆனால் தின்னவில்லை. தூக்கை மூடி அவளிடமே கொடுத்தார். "சனிக்கெழம உங்கம்மாவ இட்டுக்கினு கோயிலுக்கு வந்துரு. நான் ஷிப்டு முடிச்சி நேரா வரன்."

சனிக்கிழமை சொன்னபடி வந்தார். ஆலை உடுப்பிலேயே வந்தார். சபைக் கோயிலுக்குப் பக்கத்து அறையில் மேசையைச் சுற்றி ஐயர், எத்திராஜ், ஞானம்மாள், இன்னும் இரண்டு பெரியவர்கள். ஓரமாக நேசகுமார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காபி வந்திருந்தது. கிரேஸும் லோயிஸும் வாசலிலேயே நின்றார்கள்.

"சீட்டு கெடைக்கலீங்க," என்றார் இன்பசேகரன், உட்காராமலே.

"திருப்பதில இல்லன்னுட்டாங்களா?" என்று பதறினார் ஐயர்.

"இன்னும் கேக்கவே இல்லீங்க."

ஐயர் காபித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் வாசிச்சது?"

"அது நம்பிக்கைல எழுதனதுங்க."

எத்திராஜ் கண்ணாடியைக் கழற்றினார். நேர்மைக்குப் பெயர்போன மனுஷன். சிரித்து யாரும் பார்த்ததில்லை. "பலிபீடத்துக்கு முன்னால பொய் சொல்லலாமா இன்பம்?"

"பொய் இல்லீங்க," என்றார் இன்பசேகரன். "அவசரம்."

ஞானம்மாள் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். உடனே வேறொன்று நினைவுக்கு வந்து வாசல் பக்கம் பார்த்தாள். "அப்ப என் முட்டிக்கு சொன்னது?"

"அது தவளைக்குச் சொன்னதுங்க பெரிம்மா," என்றாள் லோயிஸ்.

"ஒத்தடம் குடுத்தனே. நல்லாத்தான் இருக்குது," என்று ஞானம்மாள் கமிட்டிக்குப் பொதுவாகத் தெரிவித்தாள்.

எத்திராஜ் எழுந்தார். "என் பிள்ள பேரு எழுதனதே இந்தப் பொண்ணுக்கு சீட்டு இருக்குதுன்னுதான். இல்லன்னு தெரிஞ்சப்பறம் ரெண்டு பேரயும் வெச்சித்தான் பேசணும். பெத்தவன் நான் உள்ள இருக்கக்கூடாது." துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். இன்பசேகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவரும் வெளியே வந்து, கொஞ்சம் தள்ளி நின்றார்.

ஐயர் முதலில் நேசகுமாரைக் கேட்டார், எதற்காக டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று.

"எங்க அம்மாவுக்கு மூச்சு இளுப்புங்க. வந்துச்சின்னா குடிபாலால இருந்து பஸ்ஸு ஏத்திக்கினு இங்க வரதுக்குள்ள மூஞ்சி நீலமா பூடும். டாக்டரு ஒரு ஊசி போடுவாரு. கொஞ்ச நேரத்துல எங்கம்மா எங்கிட்ட தண்ணி கேக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துல உள்ள இன்னா நடக்குதுன்னு எனக்கு தெரியணுங்க. சின்னதுல இருந்து அதான்."

ஐயர் தலையாட்டிவிட்டு லோயிஸைக் கூப்பிட்டார். அதே கேள்வி. லோயிஸ் இதற்காக ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தாள். "ஏழை ஜனங்களுக்கு ஊழியம் செய்யணும்னு," என்று ஆரம்பித்தாள். அடுத்த வாக்கியம் வரவில்லை. மனப்பாடம் செய்ததுதான், ஆனாலும் வரவில்லை.

பெண் பயந்திருக்கிறாள் என்று நினைத்து ஐயர் அவளை இலகுவாக்கப் பார்த்தார். "சரி அத வுடு. பயாலஜி எடுத்த புள்ள கணக்கும் எதுக்கு எடுத்த? நைனா கட்டாயமா?"

"இல்லீங்க. நைனா ஒண்ணும் சொல்லல," என்றாள் லோயிஸ். "நானேதான் போயி கேட்டன். ஆலைல சாறு தொட்டி இருக்குது இல்லீங்க, புனல் மாதிரி, கீழ கூம்பா மேல அகலமா. சாறு ஒரே வேகத்துலதான் உழுது. ஆனா மட்டம் மொதல்ல குபுகுபுன்னு ஏறும், போகப் போக மெதுவாயிடும். எந்த நேரத்துல எவ்ளோ வேகம்னு கேட்டா சொல்ல முடியாதுன்னுதான் நெனச்சினு இருந்தன். ஏன்னா கேக்கறதுக்குள்ள அது மாறிடுது. ஆனா சொல்லலாங்க. அதுக்கு ஒரு கணக்கு இருக்குது. நிக்காத ஒண்ண நிக்க வெச்சி பாக்கலாம். கணக்கு எடுக்கற வெங்கடரமணன் சார் போர்டுல அத போட்டப்ப எனக்கு சோறு துன்னணும்னே தோணல. அப்பறம் பாத்தா வண்டி ஓடறது, எரியற அடுப்புல அண்டா சூடாவறது, எல்லாம் அதே கணக்குங்க. பிசிக்ஸுல எனக்கு மார்க்கு கொறஞ்சது ஏன்னா, அவங்க சூத்திரத்த மனப்பாடம் பண்ணச் சொல்றாங்க, நான் அது எங்க இருந்து வந்துச்சின்னு போட்டுப் பாத்துக்கினே இருந்துட்டன், நேரம் பூட்ச்சி..."

மேசைமேல் காபிகளில் ஆடை படிந்துவிட்டது. லோயிஸ் நிறுத்தினாள். எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் தான் பேசியதைக் கேட்டுவிட்டிருந்தாள். டாக்டருக்கு அரை வாக்கியம். கணக்குக்கு இத்தனை. வாசலில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. பார்த்தாள். கிரேஸ் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"ஐயா," என்றாள் லோயிஸ், "நேசகுமார் பேரயே அனுப்புங்க."

"ஊட்டுக்குப் போயி யோசிச்சி சொல்லும்மா."

"இப்பத்தான் யோசிச்சன். நான் திருப்பதிக்குத்தான் போடறன். இன்ஜினீரிங்குக்கு."

நேசகுமார் எழுந்துவிட்டான். என்ன சொல்வதென்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தான்.

"இன்னொண்ணுங்க," என்றாள். இதைச் சொல்லத்தான் அவளுக்கு உண்மையிலேயே தைரியம் வேண்டியிருந்தது. "பரீட்ச முடியற வரைக்கும் சண்டே ஸ்கூலுக்கும் பாட்டுக்கும் வரமாட்டன். நேரமில்ல."

"கோயிலுக்காவது வருவியா?" என்றாள் ஞானம்மாள்.

"வருவன் பெரிம்மா. புஸ்தகம் இல்லாம வருவன்."

வீட்டுக்கு நடந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மூன்று பேரும் நடந்தார்கள். உள்ளே நடந்தது இன்னதென்று வெளியே நின்றிருந்த நைனாவுக்கு லோயிஸ்தான் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு இன்பசேகரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தார்.

"நான் உன்ன ஒரு வார்த்தகூட கேக்கலயேம்மா. இன்ஜினீரு ஆவுன்னு சொல்லவே இல்லயே."

"சொல்லியிருந்தா மாட்டன்னிருப்பன் நைனா."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் மனைவி இருந்ததால் அதை வெளியில் காட்டவும் முடியவில்லை. சைக்கிள் மணியை ஒருமுறை காரணமில்லாமல் அடித்துக்கொண்டார்.

கிரேஸ் வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்தபின் பேசினாள். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாக்களுக்கு ஒரு காலத்தில் சமைத்துப் போட்டவள் அவள். அவர்கள் நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவதைப் பார்த்து, தன் மகளும் ஒருநாள் அப்படி ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டவள்.

"எனக்கு வருத்தமாத்தான் இருக்குது," என்றாள். "இல்லன்னு சொன்னா பொய்யி. ரெண்டு நாளைக்கு இருக்கும். அப்பால பூடும். நீ அதப் பாத்துக்கினு இருக்காத, போயி படி."

லோயிஸ் அம்மாவின் தோளில் கொஞ்ச நேரம் தலையை வைத்திருந்துவிட்டு, போய்ப் புத்தகத்தை எடுத்தாள். பல மாதங்களுக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. கிரேஸ் சங்கடியும் கடலைச் சட்னியும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். திறந்திருந்த பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, இன்னும் தவளைய வெச்சிக்கினு இருக்கற? இன்ஜினீருக்கு தவள எதுக்கு?"

"இண்டர் பாஸ் பண்ணணும் இல்லம்மா. எடுத்த குரூப்பு எடுத்ததுதான். எல்லாத்தயும் எழுதித்தான் ஆவணும்."

"அப்ப அதே ஏழு பாடமா?"

"அதே ஏழுதான்."

"இவ்ளோ கூத்து பண்ணி ஒரு பாடங்கூட கொறயலயா?"

"கொறயல."

கிரேஸ் தட்டை அவள் மடியில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். பிறகு சிரித்துவிட்டாள். உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்த இன்பசேகரன் இதுதான் சமயம் என்று அவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டார்.

அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. கிரேஸ் போய்ப் பாதி திறந்தாள். பொன்னியம்மா வலிக்கிற கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு நின்றாள்.

"டாக்டரம்மா இருக்குதா?"

"டாக்டரு இல்ல பொன்னியம்மா," என்றாள் கிரேஸ். "இங்க இருக்கறது இன்ஜினீரு. கைவலிக்கு ஆஸ்பத்திரிக்குப் போ. மிஷினு கிஷினு ஓடலன்னா சொல்லு."

பொன்னியம்மா கொஞ்சம் யோசித்தாள். "தையல் மிஷினு நூலு அறுந்து அறுந்து போவுது. இப்பவே எடுத்தாரட்டா?"

"பரீட்ச முடியட்டும்," என்று சொல்லி கிரேஸ் கதவைச் சாத்தினாள்.